ஆற்றில் விட்ட பொட்டலம்

பெர்கனில் எங்கள் பகுதி நூலகத்தில், மாதத்தில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், பத்துப் பதினைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து தங்கள் வாழ்க்கையில் கைநழுவிப் போனதைப் பற்றிப் பேசுகிறார்கள். லெசெசிர்க்கெல் என்று அதற்குப் பெயர். வாசிப்பு வட்டம் என்று சொல்லலாம். இந்த நார்வேக்காரர்கள் பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே வருகிறவர்கள். ஒரே மாடிப்படியில் வருடக்கணக்காக எதிரெதிரே ஏறி இறங்கினாலும் "மழை" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. ஆனால் கையில் ஒரு நாவலைக் கொடுத்து, நடுவில் காப்பி பிளாஸ்கை வைத்துவிட்டால் கதையே வேறு. "நான் என் முதல் கணவரை விட்டு வந்திருக்கக் கூடாது" என்று ஓர் அம்மாள் முன்பின் தெரியாத ஆட்களிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். பிறகு எழுந்து போய்த் தன் கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்து வைக்கிறார். நம்மூரில் எல்லாமே தலைகீழ். கோவில்பட்டியில் பஸ் ஏறினால் திருநெல்வேலி வருவதற்குள் நம் சம்பளம், சொந்தம், சர்க்கரை அளவு மூன்றையும் பக்கத்து சீட்டு அண்ணாச்சி வாங்கிவிடுவார். ஆனால் வருத்தம் என்று வந்தால் அடுத்த வீட்டு வருத்தத்தைத்தான் பேசுவோம். நம் வீட்டு வருத்தத்துக்கு வாயைத் திறக்க மாட்டோம்.

போன இலையுதிர் காலத்தில் அங்கே வாசித்த நாவல் எனக்கு வினையாக வந்து சேர்ந்தது. கதை இதுதான். சின்ன வயதில் ஊரை விட்டுப் போன ஒரு பெண், வயதான பிறகு ஒருநாள் தன் பழைய வீட்டுத் தொலைபேசி எண்ணுக்கு சும்மா போட்டுப் பார்க்கிறாள். மணி அடிக்கிறது. எடுப்பவளும் அவளேதான், ஊரை விட்டுப் போகாமல் அங்கேயே இருந்துவிட்ட அவள். இருவரும் வாராவாரம் பேசிக்கொள்கிறார்கள். போனவளுக்கு இருந்தவள் மேல் பொறாமை, இருந்தவளுக்குப் போனவள் மேல். கடைசியில் ஒருத்தி இன்னொருத்தியைப் பார்க்கக் கிளம்புகிறாள், அதற்குள் எண் வேலை செய்யாமல் போய்விடுகிறது. எனக்கு நார்வேஜிய மொழி நத்தை வேகத்தில்தான் வரும். பாதியைத் தாண்டுவதற்குள் எரிச்சலாகிவிட்டது. போனால் போனது, இருந்தால் இருந்தது, இதில் என்ன வாராவாரம் மூக்கைச் சிந்துவது என்று என் மனைவி சந்திராவிடம் சொன்னேன். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ், நாங்குநேரிக்காரி. இரவு வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், "எரிச்சல் வருதுன்னா எங்கயோ தைக்குதுன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வட்டத்தை நடத்துகிற இங்கிரிட் நூலகர். மெல்லிய குரலில் ஊசி போடுகிற ரகம். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தார். நீங்கள் வாழாமல் விட்ட வாழ்க்கை எது? என் முறை வந்தபோது, எனக்கு அப்படி ஒன்றும் இல்லை, நான் இங்கே வந்தது என் முடிவே இல்லை, எங்கள் குலதெய்வத்தின் முடிவு என்றேன். எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். சரி, மாட்டிக்கொண்டோம் என்று பூக்கட்டிப் பார்த்த கதையைச் சொன்னேன். உங்களில் பலருக்கு அது தெரிந்த வழக்கம்தான். முடிவெடுக்க முடியாத காரியம் என்றால் ஒரு வாழையிலைத் துண்டில் வெள்ளைப் பூவும் இன்னொன்றில் சிவப்புப் பூவும் வைத்து, வெளியே தெரியாதபடி ஒரே மாதிரி இரண்டு பொட்டலமாக நாரால் கட்டி, சாமி காலடியில் வைத்து, ஒன்றை எடுக்கச் சொல்வோம். எந்தப் பூ வருகிறதோ அது சாமி சொன்ன பதில். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. எங்கள் வீட்டு வழக்கப்படி அதை அப்படியே ஆற்றில் விட்டுவிட வேண்டும். எனக்கு வெள்ளை வந்தது, நான் வந்தேன் என்று முடித்தேன்.

கப்பலில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தூர்ஸ்தெய்ன் தலையை ஆட்டினார். "காசைச் சுண்டிப் போடுவது போல. பாதிக்குப் பாதி வாய்ப்பு. நல்ல முறைதான்." இல்லை, வாய்ப்பு இல்லை, அது சாஸ்தா என்றேன். "சாஸ்தா என்பது உங்கள் அப்பாவா?" என்று கேட்டார். இங்கிரிட் மட்டும் வேறொன்றைப் பிடித்துக்கொண்டார். "அந்த இரண்டாவது பொட்டலம். அதில் என்ன இருந்தது என்று யாருமே பார்க்கவில்லையா?" சிவப்புதான் இருந்திருக்கும், வேறென்ன இருக்கும் என்றேன். "ஆனால் யாரும் பார்க்கவில்லை" என்றார் மறுபடியும். பிறகு அடுத்தவரிடம் போய்விட்டார். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் மழை. அந்தக் கேள்வியும் கூடவே நடந்து வந்தது.

அந்தப் பொட்டலத்தின் கதையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். அப்பாவுக்குத் திருநெல்வேலிப் பேட்டையில் லேத் பட்டறை. ரைஸ்மில் ஷாஃப்ட், மோட்டார் புஷ் என்று சுற்று வட்டாரமே எங்களிடம்தான் கடைசல் வேலைக்கு வரும். நான் டிப்ளமா முடித்து, தூத்துக்குடியில் கப்பல் பழுது பார்க்கும் இடத்தில் கொஞ்ச நாள் இருந்தேன். அங்கே பழக்கமான ஒருவர் மூலமாக பெர்கனில் வேலைக்கு அழைப்பு வந்தது. பட்டறையா, பெர்கனா என்று அப்பா கேட்டார். "உங்க இஷ்டம்" என்றேன். அம்மாவைக் கேட்டார், "உங்க இஷ்டம்" என்றாள். அக்காவைக் கேட்டார், அவளும் அதேதான். எங்கள் வீட்டு வியாதி இது. தனக்கு இன்னது வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்வதை மரியாதைக் குறைவாகவே நினைத்து வளர்ந்துவிட்டோம். குழம்பில் உப்பு இல்லையென்றாலும் "உனக்கு எப்படி இருக்கு?" என்று அடுத்தவரைக் கேட்கிற குடும்பம். இப்படியே ஒரு வாரம் ஓடியது. அப்பா பொறுமையிழந்து, "சாஸ்தாட்டயே கேட்டுருவோம்" என்று எல்லோரையும் சேரன்மாதேவிப் பக்கம் ஆற்றோரம் இருக்கும் எங்கள் கோயிலுக்குக் கிளப்பினார். வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் பட்டறை. அக்காதான் நந்தியாவட்டையும் செவ்வரளியும் பறித்துப் பொட்டலம் கட்டினாள். பூசாரி ஒன்றை எடுத்து என் கையில் தந்தார். பிரித்தால் வெள்ளை வெளேரென்று நந்தியாவட்டை. அப்பா முகத்தில் ஒன்றும் காட்டாமல், மிச்சப் பொட்டலத்தை ஆற்றில் விடப் படித்துறைக்கு இறங்கிப் போனார். வெகுநேரம் கழித்துத்தான் மேலே வந்தார். வந்ததும், "ஸ்வெட்டர் நல்லதா ஒண்ணு வாங்கணும்" என்றார்.

அக்காவுக்கும் எனக்கும் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசுகிற வழக்கம் உண்டு. எல்லா வீட்டிலும் வெளிநாட்டில் இருப்பவனிடம் பனியைக் காட்டு, கடலைக் காட்டு என்பார்கள். எங்கள் அக்கா மட்டும், "அந்தச் செவுத்துப் பாசியக் காட்டுலே" என்பாள். பெர்கனில் மழை விட்ட நாள் அபூர்வம். சுவர், கூரை, மரம், நிறுத்திவைத்த கார் என்று எல்லாவற்றிலும் பச்சைப் பசேலென்று பாசி அப்பியிருக்கும். கூரைப் பாசியைச் சுரண்டித் தள்ளுவது எனக்கு வருடாந்திரத் தலைவலி. அக்கா அதைப் பார்த்துவிட்டு, "இது வேற, போன வாரம் காட்டுனது வேற" என்பாள். கல்லூரியில் தாவரவியல் படித்தவள், பழைய ஞாபகம் என்று நினைத்துக்கொள்வேன். அதற்கு மேல் யோசித்ததில்லை.

அந்த ஞாயிறு நாவலின் கதையை அவளிடம் சொன்னேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே முழுவதையும் கேட்டாள்.

"ரெண்டு பேரும் அவளேதான்னு ஏம்லே எழுதணும்?" என்றாள். "வீட்டுக்கு ஒருத்தர் போவாங்க, ஒருத்தர் இருப்பாங்க. அவ்வளவுதான? எழுதுனவளுக்குக் கூடப்பொறந்தவங்க யாரும் இல்ல போல."

நான் சிரித்துவிட்டேன். அதோடு விட்டிருக்கலாம். நூலகத்தில் பூக்கட்டிப் பார்த்ததைச் சொன்னதையும், இங்கிரிட் இரண்டாவது பொட்டலத்தைக் கேட்டதையும் சொன்னேன்.

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். "அந்த வெள்ளக்காரி கெட்டிக்காரிலே" என்றாள். "அதுலயும் வெள்ளைதான்."

எனக்கு விளங்கவில்லை. என்ன சொல்லுத என்று கேட்டேன்.

"ரெண்டுலயும் நந்தியாவட்டைதாம்லே வச்சுக் கட்டுனேன். செவ்வரளிய மடியிலயே வச்சுக்கிட்டேன். சித்திர வெயில்ல, ஃபேனையும் அணைச்சுப் போட்டுட்டு, கண்ணாடி முன்னால வேர்க்க வேர்க்க ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு நிக்குத. கதவிடுக்கு வழியாப் பாத்தேன். நீ சாவுற வரைக்கும் உங்க இஷ்டம் உங்க இஷ்டம்னுதான் சொல்லுவ. பின்ன நான் என்ன செய்ய?"

கூட வேலை பார்த்த ஒருவரிடம் இரவல் வாங்கிய ஸ்வெட்டர் அது. யாரும் பார்க்கவில்லை என்றுதான் இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்கமும் கோபமும் சேர்ந்து வந்தன. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக, நம்மைச் சாமி அனுப்பியது என்று மார்தட்டிக்கொண்டிருந்த ஆள் நான். தனிமை கடித்தபோதெல்லாம், அம்மாவின் காரியத்துக்கு விமானம் கிடைக்காமல் தாமதமாகப் போய் நின்றபோதுகூட, அது என் செயல் இல்லை என்றுதான் ஆற்றிக்கொண்டேன். கடைசியில் பார்த்தால் போனவன் நான்தான், என் ஆசைதான் என்னைக் கொண்டுபோயிருக்கிறது. சந்திராவிடம் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "உங்க சாஸ்தாவுக்கு நெல்லைப் பாஷை பேசுற தங்கச்சி ஒருத்தி இருந்திருக்கா" என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நீங்க வந்துட்டீங்க, சரி. மதினி அப்ப எங்கயும் போகணும்னு நெனைக்கலையா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியை இத்தனை வருடத்தில் நான் ஒருநாளும் கேட்டதில்லை. அடுத்த ஞாயிறு கேட்டேன். அக்கா சாதாரணமாகச் சொன்னாள். அவளுடைய பேராசிரியை, டேராடூனில் பாசிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்ய ஓர் இடம் வாங்கித் தந்திருந்தாராம். பாபநாசம் மலையில் அவள் சேகரித்த பாசிகளை அங்கே அனுப்பிப் பாராட்டுகூட வாங்கியிருக்கிறாள். அதே மாதம்தான் என் பெர்கன் அழைப்பும் வந்தது. இரண்டு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் போனால் அப்பா உடைந்துபோவார் என்று யாரிடமும் சொல்லாமல் எழுதிப்போட்டு மறுத்துவிட்டாள். பிறகு பட்டறைக் கணக்கைப் பார்த்தாள், அப்புறம் பட்டறையையே பார்த்தாள். உள்ளூர் வாத்தியார் ஒருவரைக் கட்டிக்கொண்டாள். அத்தான் நல்ல மனிதர். ஆனால் செய்தித்தாளும் தோசையும் இருந்தால் உலகம் எரிந்தாலும் எழுந்திருக்க மாட்டார். அப்பாவும் அவர்களோடுதான் இருக்கிறார்.

"வருத்தமா இருக்காக்கா?" என்றேன்.

"வருத்தம் என்ன வருத்தம்? பட்டறைய நான் நல்லாத்தான நடத்துதேன். நீ இருந்திருந்தா மூடியிருப்ப." பிறகு அவள் சொன்னது எங்கள் குடும்ப வரலாற்றில் யாரும் சொல்லாத மாதிரியான ஒரு வாக்கியம். "ஒரு மூணு மாசம் எனக்கு அங்கன வந்து அந்தப் பாசி பூராத்தையும் பாக்கணும்லே. நீ இங்கன வந்து இருக்கியா?"

இருக்கிறேன் என்று உடனே சொல்லிவிட்டேன். யோசித்தால் மறுபடி 'உன் இஷ்டம்' என்று வாயில் வந்துவிடுமோ என்று பயம். வேலையில் சம்பளமில்லா விடுப்புக்குச் சொன்னேன். அக்காவுக்கு விசாவும் வந்தது. ஆனால் நான் பேட்டைக்குப் போய் இறங்கியபோது காரியம் கெட்டுக் கிடந்தது. அப்பா முகம் கொடுத்துப் பேசவில்லை. "இந்த வயசுல தனியா அவ்வளவு தூரம் எதுக்கு?" என்பதையே சுற்றிச் சுற்றி வந்தார். இரண்டு நாளில் அக்கா பெட்டியைப் பரண் மேல் தூக்கி வைத்துவிட்டாள். "விடுலே, பாசி எங்கயும் போயிராது" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் கேட்ட ஒரே காரியம். இப்போது விட்டால் இனி ஒருபோதும் கேட்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். நான் அப்பாவோடு கத்திச் சண்டை போட்டேன். காது கேட்கும் மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கடைசியில் அவரே, "சாஸ்தாட்ட கேட்டுருவோம்" என்றார்.

இந்த முறை நான் பொட்டலம் கட்டுகிறேன் என்றேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோயில் மதிலோரம் நந்தியாவட்டை இன்னும் பூத்துக் கிடக்கிறது. நான் என்ன வைத்துக் கட்டியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். செவ்வரளி என் பேன்ட் பையில் கசங்கிக்கொண்டிருந்தது. பூசாரி ஒன்றை எடுத்து அக்காவிடம் தந்தார். அவள் அதைப் பிரிப்பதற்கு முன்பே உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். வெள்ளை. "சரி, போய்ட்டு வா" என்றார் அப்பா. பிறகு மிச்சப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு படித்துறைப் பக்கம் நடந்தார். முழங்கால் சரியில்லாத மனிதர், படியில் பாசி வேறு. நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பையப் போங்கப்பா. கொண்டாங்க, நான் விடுதேன்" என்றேன். அவர் தரவில்லை. கடைசிப் படியில் உட்கார்ந்தார். தாமிரபரணி அன்றைக்கு நிறைய ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு, நிதானமாக, என் கண் முன்னாலேயே நாரை அவிழ்த்து அந்தப் பொட்டலத்தைப் பிரித்தார்.

உள்ளே இருந்த நந்தியாவட்டையைப் பார்த்துவிட்டு என்னை ஏறிட்டார். "மறுபடியுமாலே?" என்றார்.

நாரைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார்.

"அன்னைக்கும் வெள்ளைதான். இதே படியில வச்சுத்தான் பிரிச்சேன்."

"அப்பம் உங்களுக்குத் தெரியுமாப்பா? தெரிஞ்சுமா என்னைய விட்டீங்க?"

"ரெண்டு புள்ளைகளும் சேந்து சாமி முன்னால பொய் சொல்லுதுன்னா எவ்வளவு ஆசை இருக்கணும்? நான் குறுக்க நிக்கக் கூடாதுன்னுட்டு மேல வந்துட்டேன்."

சேர்ந்து செய்யவில்லை, எனக்குத் தெரியவே தெரியாது, அக்கா மட்டும்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். இத்தனை வருடமும் நானும் கூட்டுக் களவாணி என்றே நினைத்திருக்கிறார். அப்படி நினைத்துக்கொண்டேதான் ஸ்வெட்டர் வாங்கித் தந்தார், ரயிலடிக்கு வந்தார், கல்யாணம் செய்துவைத்தார். இனிமேல் திருத்தி என்ன ஆகப்போகிறது? அந்த ஆசை என்னவோ என்னுடையதுதான். நான் வாயை மூடிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அவளுக்கும் எங்கயோ போக ஆசை இருந்திருக்கும். அத நான் கேக்கல" என்றார். பூக்களை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டார். "அவட்டச் சொல்லாத" என்றார். நான் அவளிடம் சொல்லவில்லை, இங்கே எழுதத்தான் செய்கிறேன். அக்கா என் கட்டுரைகளைப் படிப்பதில்லை. நீ பேசுததக் கேட்டே முடியல, இதுல எழுதுனத வேற படிக்கணுமாக்கும் என்பாள்.

இதைப் பேட்டையில் பட்டறை வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். அக்காவின் மேசை, அக்காவின் நாற்காலி. காலையில் அப்பாவுக்கு மாத்திரை, அத்தானுக்குத் தோசை, பிறகு பட்டறை. ஷாஃப்ட் கடையக் கொண்டுவருகிறவர்கள் என்னைப் பார்த்து, "அக்கா எங்க?" என்று கேட்டுவிட்டு நம்பிக்கையில்லாமல்தான் சாமானைக் கொடுக்கிறார்கள். அக்கா பெர்கனில் என் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஊர் சுற்றுகிறாள். சந்திரா துணைக்கு இருக்கிறாள். கூரைப் பாசியைச் சுரண்டக் கூடாது என்று எனக்குக் கட்டளை வந்திருக்கிறது. பக்கத்துத் தெரு தூர்ஸ்தெய்ன் அவளைப் படகில் ஏற்றிக்கொண்டு ஏதோ தீவுப் பாறைகளைக் காட்டியிருக்கிறார். அத்தானிடம் சொன்னேன், செய்தித்தாளைக் கூட மடக்கவில்லை. இங்கிரிட் வியாழக்கிழமை வட்டத்துக்கு அவளையும் அழைத்திருக்கிறார்.

நேற்றுச் சாயங்காலம் பெர்கன் வீட்டுக் கூடத்தில் இருக்கும் போனுக்குப் போட்டேன். மணி அடிக்கும்போதுதான் அந்த நாவல் ஞாபகம் வந்தது. என் வீட்டுக்கு நானே பேசுகிறேன். அக்கா எடுத்தாள். இங்கிரிட் அவளிடமும் அதே கேள்வியைக் கேட்டாராம், வாழாமல் விட்ட வாழ்க்கை எது என்று. "என்னக்கா சொன்ன?" என்றேன். "கேள்வி முழுசாப் புரியல. எந்தம்பிட்டக் குடுத்துட்டு வந்திருக்கேன், பாத்துக்கிடுவான்னு சொன்னேன். எல்லாரும் எதுக்கோ கண்ணத் தொடைக்காங்க" என்றாள்.

அப்பா பட்டறைக்குள்ளிருந்து மிஷினைக் காதில் மாட்டிக்கொண்டே வந்தார். "யாருலே போன்ல?"

"வீட்டுக்குப் போட்டேம்ப்பா. அக்கா எடுத்தா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அப்பா என்னையும் பட்டறையையும் ஒருமுறை பார்த்தார். ஒன்றும் திருத்தவில்லை. "வீட்டுக்கு எப்பம் வாரான்னு கேளு" என்றார்.

கேட்டேன். அக்கா சிரித்தாள். "அப்பா எந்த வீட்டுக்குன்னு கேக்காங்க?" என்றாள். அந்தப் பக்கம் என் கூரையில் மழை பெய்துகொண்டிருந்தது. இந்தப் பக்கம் அவளுடைய லேத் ஓடிக்கொண்டிருந்தது. போனை இருவரும் வைக்கவில்லை.